பெரிய இசைவிழாக்கள் எப்படிச் சொதப்புகின்றன: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடை ஒலி வேலையில் இருப்பவன் நான். எங்காவது ஒரு கச்சேரியில் அசம்பாவிதம் என்று செய்தி வந்தால் போதும், அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் அதே கேள்விகள் வரிசை கட்டி வந்துவிடும். கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து கை வலித்ததுதான் மிச்சம் என்பதால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அவ்வளவு பேர் கூடுற இடத்துல சின்னச் சின்னக் குளறுபடி சகஜம்தானே? ஏன் இவ்வளவு பெரிசு பண்றீங்க?

கச்சேரி ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்குவது, கழிப்பறை வரிசை நீள்வது, தண்ணீர் பாட்டிலை இரட்டை விலைக்கு விற்பது எல்லாம் சகஜம்தான். அதற்காக யாரும் விசாரணைக் கமிஷன் கேட்பதில்லை.

ஆனால் பெரிய விபத்துகளின் அறிக்கைகளைப் படித்தால், அன்று காலையிலேயே ஒரு சின்னக் குளறுபடி நடந்திருக்கும். வேலி ஒன்று சாய்ந்திருக்கும், ஒரு வாசல் திறக்காமல் இருந்திருக்கும், டிக்கெட்டைச் சோதிப்பவர்கள் கைவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகும் திட்டத்தை மாற்றாமல் விட்டதுதான் ராத்திரி விபத்தாகியிருக்கும்.

கூட்டம் பயந்து ஓடி, கால்ல மிதிபட்டுத்தானே சாகிறாங்க?

தலைப்புச் செய்திகள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் பெரும்பாலான இசைவிழா மரணங்களில் ஓடுவதற்கு இடமே இருந்ததில்லை. நின்ற நிலையிலேயே மூச்சு நின்று இறந்திருக்கிறார்கள். மூச்சை உள்ளே இழுக்க மார்புக்கூடு விரிய வேண்டும். முன்னும் பின்னும் உடல்கள் நெருக்கும்போது மூச்சை வெளியே விட முடியும், திரும்ப இழுக்க முடியாது. சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். நினைவு தப்பியவர் கீழே விழக்கூட இடம் இருக்காது. 2021-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரின் அஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் இறந்த 10 பேருக்கும் மருத்துவப் பரிசோதகர் குறித்த காரணம் இந்த அழுத்த மூச்சடைப்புதான்.

தள்ளுபவர்களும் கெட்டவர்கள் இல்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கு முன்வரிசை தெரியாது. இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்க்கலாம் என்று அரை அடி முன்னே வைப்பார். அவரைப் போல ஆயிரம் பேர் அரை அடி வைத்தால் அந்த எடை முழுவதும் முன்வரிசைக்காரரின் மார்பில் போய் இறங்கும். "ரசிகர்கள் கட்டுப்பாடில்லாமல் நடந்துகொண்டார்கள்" என்று ஏற்பாட்டாளர் சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

எத்தனை பேர் நின்னா ஆபத்துன்னு கணக்கு இருக்கா?

இருக்கிறது. மொத்த எண்ணிக்கையை விடுங்கள், ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்று பாருங்கள். தரையில் மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி ஒரு சதுரத்தைச் சாக்பீஸால் வரைந்து, உங்கள் நண்பர்களை ஒவ்வொருவராக உள்ளே நிறுத்திப் பாருங்கள். நான்கு பேர் வரை கையை அசைக்கலாம், செல்போனை எடுக்கலாம். ஐந்தாவது ஆள் வந்தால் தோள் உரசும். அதற்கு மேல் திரும்பி நிற்கவே மற்றவரின் தயவு வேண்டும்.

கூட்டத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின், சதுர மீட்டருக்கு 7 பேரை நெருங்கும்போது கூட்டம் திரவம்போல் நடந்துகொள்ளத் தொடங்கும் என்று எழுதினார். அலை கிளம்பும், ஆட்களைத் தரையிலிருந்து தூக்கிப் பல அடி தள்ளிக்கொண்டு போகும். அந்த நிலையில் தனி மனிதரின் ஒழுக்கம், பொறுமை, படிப்பு எதற்கும் வேலை இல்லை. இரும்புத் தடுப்புகளே வளைந்திருக்கின்றன.

அஸ்ட்ரோவேர்ல்டுக்கு வந்தது 50,000 பேர்தான். திறந்தவெளி மைதானம் வேற. அங்க எப்படி நெரிசல் வந்துச்சு?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். மைதானம் முழுவதும் சமமாகப் பரவி நின்றிருந்தால் வந்திருக்காது. 2021 நவம்பர் 5 அன்று அங்கே இரண்டு மேடைகள். பிரதான மேடை ராப் பாடகர் டிராவிஸ் ஸ்காட்டுக்கு மட்டும், மற்றவர்களெல்லாம் இன்னொரு மேடையில். ஆகவே மதியத்திலிருந்தே ஒரு கூட்டம் பிரதான மேடையின் முன் இடம் பிடித்து அசையாமல் நின்றது. இரவு, மற்ற மேடையின் கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் அங்கிருந்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் வந்தார்கள். பின்னாலிருந்து வராமல் பக்கவாட்டில் வந்தார்கள்.

பிரதான மேடையின் முன்னால் கூட்டத்தைப் பிரிக்கத் தடுப்புகள் இருந்தன. அதனால் சில பகுதிகள் மூன்று பக்கமும் அடைபட்ட பெட்டிகளாகிவிட்டன. திறந்த ஒரு பக்கம் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வெளியேற வழியில்லை. சில அடி தள்ளி மைதானத்தில் காற்றோட்டமாக நின்று ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. இத்தனைக்கும் அன்று பகலிலேயே ரசிகர்கள் நுழைவு வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே ஓடியிருந்தார்கள். முதல் பதிலில் சொன்ன காலைக் குளறுபடி அதுதான். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு அந்த நிமிடமே கையை விட்டுப் போய்விட்டது.

பாடுறவருக்குத் தெரியாதா? மேடையில இருந்து பார்த்தா எல்லாமே தெரியுமே?

மேடையில் நின்று பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். ஒளிவிளக்குகள் முகத்தில் அடிக்கும்போது முதல் சில வரிசைகளுக்கு அப்பால் கருப்புதான். காதில் இயர் மானிட்டர் இருக்கும், அதில் தாளமும் அவரது குரலும் மட்டும் கேட்கும். ஐம்பது பேர் "நிறுத்து" என்று கத்தினாலும் அது ஆரவாரத்தோடு கலந்துவிடும். ஒலியைக் கலந்து சரிசெய்ய நான் நிற்கும் மிக்சர் மேடை கூட்டத்தின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் இருக்கும். அங்கிருந்தும் தெரிவது தலைகள் மட்டுமே. தலைகளுக்குக் கீழே யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரியாது.

இருந்தாலும் பாடகர் சொன்னால் கூட்டம் கேட்கும். 2000 ஜூன் 30, டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் பேர்ல் ஜாம் குழுவின் எடி வெடர் பாட்டை நிறுத்தி, எல்லோரும் மூன்று எட்டு பின்னால் போகச் சொன்னார். கூட்டம் போனது. ஆனால் சேற்றில் வழுக்கி விழுந்தவர்கள் மேல் அதற்குள் மற்றவர்கள் விழுந்துவிட்டிருந்தார்கள். 9 இளைஞர்கள் இறந்தார்கள். பாடகரின் கண் தாமதமான கருவி. அதை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது.

அப்ப டிராவிஸ் ஸ்காட் மேல தப்பே இல்லையா?

2023 ஜூனில் டெக்சாஸ் நடுவர் குழு அவர் உட்பட யார் மீதும் குற்றவியல் வழக்குத் தொடர மறுத்துவிட்டது. இறந்தவர்களின் குடும்பங்கள் தொடுத்த இழப்பீட்டு வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. சட்டப்படி அவ்வளவுதான்.

என் கருத்தைக் கேட்டால், அந்த ராத்திரி அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்பதைவிட, வேலி தாண்டி வருவதைப் பெருமையாகக் காட்டும் விளம்பரப் பாணி பல வருடமாக அவரது கச்சேரிகளில் இருந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. ரசிகன் முண்டியடிப்பதை விற்பனைப் பொருளாக்கிவிட்டு, பிறகு முண்டியடித்ததற்காக அவனையே குறை சொல்ல முடியாது.

பிரச்சினைன்னு தெரிஞ்சதும் ஏன் உடனே நிறுத்தலை? கரண்டைப் பிடுங்கினா முடிஞ்சுதே?

ஹூஸ்டனில் 9:38-க்கே இது பெருமளவு உயிராபத்து நிகழ்வு என்று அதிகாரிகள் அறிவித்துவிட்டார்கள். இசை நின்றபோது மணி 10:10 ஆகிவிட்டது. அரை மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி. விழாவின் பாதுகாப்புத் திட்ட ஆவணப்படி நிறுத்தும் அதிகாரம் இரண்டே பேருக்கு, நிர்வாகத் தயாரிப்பாளருக்கும் விழா இயக்குநருக்கும். குண்டு மிரட்டல், வானிலை என்று பல பக்கம் எழுதிய அந்த ஆவணத்தில் கூட்டம் முன்னோக்கித் தள்ளினால் என்ன செய்வது என்று எழுதவில்லை. தடுப்பின் அருகே நின்று கண்ணால் பார்த்த காவலாளிக்குப் பொத்தானை அழுத்தும் உரிமை இல்லை. உரிமை உள்ளவர் கூட்டத்துக்குள் இல்லை.

கரண்டைப் பிடுங்குவது மட்டும் ஆபத்து. திடீரென்று இருட்டும் அமைதியும் வந்தால் எல்லோரும் ஒரே வாசலுக்குத் திரும்புவார்கள். முறையாகச் செய்தால், முதலில் மைதான விளக்குகள் எரியும், பிறகு இசை நிற்கும், பாடகரே மைக்கில் நிதானமாகப் பேசுவார், பின்வரிசையிலிருந்து கூட்டத்தைத் தளர்த்துவார்கள். ஜெர்மனியின் டூயிஸ்பர்கில் 2010-ல் லவ் பரேட் விழாவின் நுழைவு வழியில் நெரிசல் நடந்த பிறகும் உள்ளே இசையை வேண்டுமென்றே தொடரவிட்டார்கள். நிறுத்தினால் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில், விபத்து நடந்த அதே வழியாகத் திரும்புவார்களே என்ற பயம். அந்த முடிவைப் பலர் திட்டினார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது.

அந்த டூயிஸ்பர்க் கதை என்ன?

லவ் பரேட் என்பது பெர்லினில் தொடங்கிய டெக்னோ இசை ஊர்வலம். தெருக்களில் நடந்துவந்த அதை 2010 ஜூலை 24 அன்று டூயிஸ்பர்கில் ஒரு பழைய சரக்கு ரயில் நிலையத்தின் வளாகத்தில், வேலிக்குள் நடத்தினார்கள். அனுமதி 2,50,000 பேருக்கு. ஏற்பாட்டாளர்களோ 14 லட்சம் பேர் வந்ததாகப் பெருமையாக அறிவித்தார்கள். அது விளம்பரத்துக்காக ஊதிய கணக்கு.

வளாகத்துக்குப் போக, சாலைச் சுரங்கப்பாதை வழியாகக் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரவேண்டும். இரண்டு ஓட்டமும் நடுவில் சந்தித்து ஒரு சாய்தளத்தில் ஏற வேண்டும். அந்தச் சாய்தளம்தான் நுழைவு, அதுவேதான் வெளியேறும் வழியும். மாலையில் உள்ளே வருபவர்களும் வீட்டுக்குத் திரும்புபவர்களும் அங்கே முட்டிக்கொண்டார்கள். போலீசார் சுரங்கத்திலும் சாய்தளத்திலும் மனிதச் சங்கிலியாக நின்று நிறுத்திப் பார்த்தார்கள். சங்கிலி தாங்கவில்லை. ஓரத்தில் ஒரு குறுகிய படிக்கட்டும் ஒரு விளக்குக் கம்பமும் தெரிந்தன. தப்பிக்க வழி அதுதான் என்று எல்லோரும் அந்தப் பக்கம் நகர, படிக்கட்டின் அடியில்தான் பலர் நசுங்கினார்கள். 21 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்ததாகத்தான் முதலில் செய்தி வந்தது. பிரேதப் பரிசோதனை வேறு சொன்னது. இரண்டாம் கேள்வியின் பதில் இங்கேயும் பொருந்தும்.

21 பேர் செத்தும் யாருக்கும் தண்டனையே இல்லையாமே, நிஜமா?

நிஜம். நகராட்சி ஊழியர்கள், ஏற்பாட்டு நிறுவனத்தின் ஊழியர்கள் என 10 பேர் மீது வழக்கு. விசாரணை தொடங்கியதே 2017 டிசம்பரில். 2020 மே மாதம் தீர்ப்பில்லாமலே முடித்துக்கொண்டார்கள். காலாவதிக் கெடு நெருங்கியது, இடையில் கொரோனாவும் வந்தது. திட்டம் போட்டவர், அனுமதி கொடுத்தவர், வேலி கட்டியவர், போலீஸ் என்று பலரின் சின்னச் சின்னத் தவறுகள் சேர்ந்த விபத்தில் ஒருவரைப் பிடித்துக் குற்றவாளி என்று நிறுவுவது கடினம். நகர மேயரை மட்டும் 2012-ல் மக்களே வாக்களித்துப் பதவியிறக்கினார்கள். லவ் பரேட் அதன்பின் நடக்கவில்லை.

மேடைக்கு முன்னாடிதான் ஆபத்துன்னா, கேட் பக்கத்துல நின்னா சேஃப்தானே?

இல்லை. 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ குழுவின் கச்சேரி. இருக்கை எண் இல்லாத டிக்கெட், முதலில் வருபவருக்கு முன்னிடம். குளிரில் மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டத்துக்குச் சில கதவுகளே திறக்கப்பட்டன. உள்ளே கேட்ட இசையைக் கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்து நெருக்கினார்கள். 11 பேர் வாசலிலேயே இறந்தார்கள். உள்ளே கச்சேரி முழுதாக நடந்து முடிந்தது.

நமக்குப் பக்கத்திலும் நடந்தது. 2023 நவம்பர் 25, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கம். நிகிதா காந்தியின் கச்சேரி தொடங்கவே இல்லை. ஒரே வாசல், அதைத் தாண்டியதும் செங்குத்தாகக் கீழிறங்கும் படிக்கட்டு. மழை தூற, வெளியே நின்றவர்கள் உள்ளே ஒதுங்க முண்டினார்கள். முன்னால் இருந்தவர்கள் படியில் விழுந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். கூட்டம் நுழையும் இடத்தில் படிக்கட்டு இருக்கவே கூடாது, இருந்தால் அங்கே ஆட்களைச் சிறு குழுக்களாகத்தான் விட வேண்டும்.

முன்னாடி ஸ்ட்ராங்கா பேரிகேட் போட்டுட்டா சரியாயிடாதா?

எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ரோஸ்கில்டேயில் 2000-க்குப் பிறகு பிரதான மேடையின் முன்பகுதியைத் தனிப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை வரம்பு, நுழையத் தனி வாசல். நிரம்பியதும் வாசலை மூடிவிடுவார்கள். பின்னால் இருக்கும் கூட்டத்தின் எடை முன்வரிசைக்கு வரவே வராது.

எண்ணாமல் போட்ட தடுப்பு அஸ்ட்ரோவேர்ல்டில் செய்ததைத்தான் செய்யும். தடுப்புக்கும் மேடைக்கும் நடுவே ஆள் நடக்க இடமும், மயங்கியவரைத் தூக்கி எடுக்க ஆட்களும் இல்லையென்றால் அது வெறும் சுவர்.

பவுன்சர்களை டபுளாக்கினா?

யார் அந்த பவுன்சர்கள், அவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் பந்தயத் திடலில் 1969 டிசம்பர் 6 அன்று ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில் மேடையருகே நிறுத்தப்பட்டவர்கள் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கும்பல். கூலி, 500 டாலருக்கு பீர். அவர்கள் கூட்டத்தை பில்லியர்ட்ஸ் கோல்களால் அடித்தார்கள். 18 வயது இளைஞர் ஒருவரை மேடைக்கு முன்னாலேயே கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

அதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம், மேடையின் உயரம். சுமார் ஒரு மீட்டர்தான். கச்சேரி முதலில் திட்டமிடப்பட்டது வேறு இடத்தில், அங்கே மேடை ஒரு மேட்டின் மேல் இருந்திருக்கும், தாழ்வாக இருந்தாலும் பரவாயில்லை. கடைசி நேரத்தில் இடம் மாறியது. அதே மேடையைப் பள்ளத்தில் வைத்தார்கள். கூட்டம் சரிந்து மேடை மேலேயே வந்து விழுந்தது. எத்தனை காவலர் போட்டாலும் அந்தச் சரிவை நிறுத்தியிருக்க முடியாது.

மழை, காத்து வந்தா கடவுள் செயல். அதுக்கு யாரைக் குத்தம் சொல்றது?

காற்று கடவுள் செயல். மேடையைக் கட்டியது மனிதர்கள். 2011 ஆகஸ்ட் 13, அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் ஷுகர்லேண்ட் குழு மேடையேறக் காத்திருந்த நேரம். புயல் வந்தால் எங்கே ஒதுங்குவது என்று அறிவிப்பு ஒலித்த சில நிமிடங்களில் பலத்த காற்று வீசி மேடைக் கூரை முழுவதும் பார்வையாளர்கள் மேல் சரிந்தது. 7 பேர் இறந்தார்கள். கூரையை இழுத்துக் கட்டிய கம்பிகளின் மறுமுனை, சாலை நடுவே வைக்கும் கான்கிரீட் தடுப்புக் கட்டைகளில் மாட்டப்பட்டிருந்தது. காற்றில் அந்தக் கட்டைகளே நகர்ந்துவிட்டன. மேடைக்காரர்களான எங்களுக்கு அந்த விசாரணை அறிக்கை ஒரு பாடப்புத்தகம். கச்சேரியைத் தள்ளிவைக்கும் முடிவு யாருடையது என்பதிலும் தெளிவில்லை என்று அதே விசாரணையில் வந்தது.

அடுத்த வாரமே, ஆகஸ்ட் 18 அன்று, பெல்ஜியத்தின் புக்கெல்பாப் விழாவில் திடீர்ப் புயலில் 5 பேர் இறந்தார்கள். என்ன வேகத்தில் காற்று வீசினால் திரைகளை இறக்குவது, எந்த வேகத்தில் ஆட்களை வெளியேற்றுவது என்று முன்கூட்டியே எண்ணோடு எழுதிவைக்க வேண்டும். மேகத்தைப் பார்த்து விவாதிக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும்.

1969 உட்ஸ்டாக்ல நாலு லட்சம் பேர் அமைதியா இருந்தாங்களே, 1999-ல மட்டும் ஏன் தீ வெச்சாங்க? தலைமுறை கெட்டுப்போச்சா?

தலைமுறையைத் திட்டுவதற்கு முன் தண்ணீர் விலையைப் பாருங்கள். 1969-ல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசைவிழாவில் வேலி கட்டி முடிக்க நேரமில்லை, மேடையா வேலியா என்று வந்தபோது மேடையைத் தேர்ந்தெடுத்தார்கள். விழா இலவசமானது. உணவு தீர்ந்தது, சாலை அடைத்தது, கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்தார்கள். நிர்வாகக் கணக்கில் அது தோல்விதான், உயிரிழப்பும் இருந்தது. ஆனால் உள்ளூர்க்காரர்கள் சமைத்து அனுப்பினார்கள், வந்தவர்களை யாரும் கறக்கவில்லை.

1999 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில், பழைய விமானப்படைத் தளத்தில் நடந்தது வேறு. நிழலில்லாத தார்த்தரை, 38 டிகிரியை ஒட்டிய வெயில், தண்ணீர் பாட்டில் 4 டாலர். கழிப்பறைகள் வழிந்து ஓடின. பெண்கள் மீதான பாலியல் வன்முறைப் புகார்கள் வந்தன. மூன்று நாள் இப்படி வாட்டிவிட்டு, கடைசி இரவு கூட்டத்தின் கையில் மெழுகுவர்த்திகளைக் கொடுத்தார்கள், துப்பாக்கி வன்முறைக்கு எதிரான அஞ்சலியாம். எரித்தவர்கள் செய்தது குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மெழுகுவர்த்தி யோசனையை ஒப்புக்கொண்டவர் யார் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஃபயர் ஃபெஸ்டிவல் மோசடியா, முட்டாள்தனமா?

தொடக்கம் ஆசை, நடுவில் முட்டாள்தனம், முடிவு மோசடி. 2017 ஏப்ரலில் பஹாமாஸின் கிரேட் எக்ஸுமா தீவில் சொகுசு விழா என்று பில்லி மெக்ஃபார்லண்டும் ராப் பாடகர் ஜா ரூலும் விளம்பரம் செய்தார்கள். மாடல் அழகிகளை வைத்து வீடியோ வந்தது, டிக்கெட் பறந்தது. வந்து இறங்கியவர்களுக்குப் பேரிடர் நிவாரணக் கூடாரமும் ஈர மெத்தையும் ரொட்டியில் வைத்த சீஸ் துண்டும் கிடைத்தன. விளம்பரத்தில் சொன்ன கலைஞர் ஒருவர்கூட மேடையேறவில்லை. முதலீட்டாளர்களிடம் பொய்க் கணக்குக் காட்டியதற்காக மெக்ஃபார்லண்டுக்கு 2018-ல் 6 ஆண்டு சிறை.

பணக்காரப் பிள்ளைகள் ஏமாந்ததை இணையம் சிரித்துக் கொண்டாடியது. கூலி கிடைக்காத தீவுக்காரத் தொழிலாளர்களை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2023 பனையூர் ரஹ்மான் கச்சேரில என்னதான் நடந்துச்சு?

ஆகஸ்ட் 12 அன்று நடக்க வேண்டியது மழையால் தள்ளிப்போய், செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலை அருகே நடந்தது. அனுமதி கோரிய எண்ணிக்கையைவிட அதிகம் பேர் வந்ததாகக் காவல்துறை சொன்னது. சாலை ஸ்தம்பித்தது. விலை கூடிய டிக்கெட் வைத்திருந்தவர்கள்கூட உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். கூட்டத்தில் பெண்கள் சீண்டப்பட்டதாகப் புகார்கள் வந்தன. ஏற்பாட்டாளர்கள் மீது வழக்குப் பதிவானது. ரஹ்மான் தரப்பில், உள்ளே வர முடியாதவர்களிடம் டிக்கெட் நகல் கேட்டு வாங்கினார்கள்.

அன்று உயிர் போகவில்லை. ஆனால் மேலே சொன்ன பதில்களில் உள்ள பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: எண்ணிக்கை கைவிட்டுப் போனது, வாசல்கள் போதவில்லை, பகுதி பிரித்தது காகிதத்தில் மட்டும் இருந்தது. கூட்டம் கடைசியில் திரும்பிப் போய்விட்டது என்பது அதிர்ஷ்டம். ஒரு சின்னச் சாலையை நம்பி அவ்வளவு டிக்கெட் விற்றதை மழையின் தலையில் கட்ட முடியாது.

யாழ்ப்பாணத்துல ஹரிஹரன் நிகழ்ச்சியிலயும் வேலியை உடைச்சாங்களே? இலவசம்னா இப்படித்தானா?

2024 பெப்ரவரி 9, முற்றவெளி மைதானம். முன்னால் காசு கொடுத்தவர்களுக்கு இருக்கை, பின்னால் இலவசமாக நிற்கலாம். பின்னால் நின்றவர்கள் தடுப்புகளைத் தாண்டி முன்னே வந்தார்கள், நிகழ்ச்சி சிறிது நேரம் தடைப்பட்டது. அதன்பிறகு சமூக வலைத்தளங்களில் யாழ்ப்பாணத்து இளைஞர்களின் பண்பாடு பற்றி ஆளாளுக்கு உபதேசம் செய்தார்கள்.

இலவசம் என்பது பிரச்சினை இல்லை. இலவசப் பகுதிக்கு எண்ணிக்கை வரம்பு இல்லாததும், அங்கிருந்து மேடை சரியாகத் தெரியாததும்தான் பிரச்சினை. பின்பகுதிக்கு இரண்டு பெரிய திரையும் மேடை ஒலியோடு பொருந்தும்படி தாமதம் சரிசெய்த ஒலிபெருக்கித் தூண்களும் வைத்தாலே முன்னே வரும் உந்துதல் பாதி குறையும். என் அனுபவத்தில் இது செலவு குறைந்த பாதுகாப்பு ஏற்பாடு, ஏற்பாட்டாளர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

கரூர்ல நடந்ததும் இதேதானா?

2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் இறந்த அரசியல் கூட்டத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். யார் தவறு என்று இங்கே தீர்ப்பு எழுதப்போவதில்லை. நெரிசல் உடலை என்ன செய்யும் என்பதில் இசைக் கூட்டத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் வேறுபாடு கிடையாது. திட்டமிடுவதில் உண்டு. இசைவிழாவில் டிக்கெட் விற்ற எண்ணிக்கை முன்பே கையில் இருக்கிறது. அதனால்தான் இசைவிழாக்காரர்கள் "இவ்வளவு பேர் வருவார்கள் என்று தெரியாது" என்று சொன்னால் நான் ஏற்பதில்லை.

டிக்கெட் இருந்தும் உள்ளே விடலைன்னா காசைத் திரும்ப வாங்க முடியுமா?

முயலலாம். டிக்கெட், பணம் செலுத்திய ரசீது, வாசலில் எடுத்த நேரம் தெரியும் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் டிக்கெட் விற்ற தளத்துக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் வழக்கு. "பணம் திரும்பத் தரப்படாது" என்று டிக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். சேவையே தராதவருக்கு அந்த வரி கேடயம் ஆகாது.

உள்ளே மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

இரண்டு பக்கத் தோளும் சேர்ந்து அழுத்தப்படும்போதே கிளம்புங்கள். கை அசையாத நிலை வந்த பிறகு உங்கள் விருப்பத்துக்கு வேலை இருக்காது. பின்னோக்கி முட்டாதீர்கள். அலை முன்னே தள்ளும்போது கூடவே போய், அது தளரும் நொடியில் குறுக்காக, ஓரத்தை நோக்கி ஓரிரு அடி வையுங்கள். கைகளை மடித்து மார்புக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், மூச்சுவிட அந்த இடைவெளிதான் உதவும். செல்போன் விழுந்தால் விழட்டும், குனியாதீர்கள். கத்திக் காற்றை வீணாக்க வேண்டாம். விழுந்துவிட்டால் மல்லாந்து கிடக்காமல் ஒருக்களித்து, தலையை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒருவர் கண் சொருகினால் எல்லோரும் சேர்ந்து தலைக்கு மேல் தூக்கித் தடுப்பின் பக்கம் அனுப்புங்கள்.

துப்பட்டாவையும் கழுத்தில் மாட்டும் அடையாள அட்டையையும் முன்கூட்டியே கழற்றிப் பைக்குள் வைப்பது நல்லது.

ஒன்பது வயசுப் பையனைத் தோள்ல தூக்கிட்டுப் போகலாமா?

அஸ்ட்ரோவேர்ல்டில் இறந்தவர்களில் ஒருவன் 9 வயதுச் சிறுவன், தந்தையின் தோளில் இருந்தவன். தந்தை மயங்கியபோது அவன் கூட்டத்துக்குள் விழுந்தான். இருக்கை எண் உள்ள அரங்கம் என்றால் தாராளமாக அழைத்துப் போங்கள். நின்று பார்க்கும் விழா என்றால் மிக்சர் மேடைக்குப் பின்னால் நில்லுங்கள். அங்கே நெருக்கம் குறைவு, ஒலியும் அங்கிருந்துதான் சரியாகக் கேட்கும், நாங்கள் அந்த இடத்தைக் கணக்கு வைத்துத்தான் ஒலியை அமைக்கிறோம். காதுக்கு அடைப்பான் மறக்க வேண்டாம்.

டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடியே இது உருப்படுமான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கா?

முழுதாக இல்லை, ஓரளவு உண்டு. மைதான வரைபடம் வெளியிட்டிருக்கிறார்களா, அதில் நுழையும் வாசலும் வெளியேறும் வாசலும் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கார் நிறுத்துமிடம் எங்கே, திரும்ப என்ன வண்டி என்று எழுதியிருக்க வேண்டும். தண்ணீர் இலவசமா என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பதில் வருகிறதா என்பதே ஒரு தகவல். தேதியோ இடமோ கடைசி வாரத்தில் மாறினால் ஆல்டமான்ட் பதிலை இன்னொரு முறை படியுங்கள். விழா நாளன்று காலையில் "புதிதாக ஆயிரம் டிக்கெட் திறந்துவிட்டோம்" என்று விளம்பரம் வந்தால் நான் போக மாட்டேன், ஒலி வேலைக்குக் கூப்பிட்டால்கூட ஒருமுறை யோசிப்பேன்.